ஏர் ரைஃபிளின் குறி ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகையைச் சேர்ந்த 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள். அதன் மேல் 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப். 10 மீட்டரில் ஓரளவு நெருக்கமாக விழும் பெல்லட்கள், அதாவது சிறு குண்டுகள், 25 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. இன்று ஸ்கோப்பைத் திருத்தி மையத்துக்குக் கொண்டுவந்தால் மறுநாள் வேறிடத்தில் சுடுகிறது. மணல் பையின் மேல் இறுக்கி அழுத்திப் பிடித்துச் சுட்டும் பயனில்லை. ஆகவே ஸ்கோப் கெட்டுவிட்டதா, குழலே கோணலா என்று கேட்கிறீர்கள்.

இரண்டில் ஒன்று கெட்டிருக்கவும் கூடும். ஆனால் இதே குறையோடு என் கைக்கு வந்த ஸ்பிரிங் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் ஸ்கோப்பும் குழலும் நன்றாகவே இருந்தன. தளர்ந்த திருகு, பொருந்தாத பெல்லட், பிடிக்கும் முறை ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருந்தது. நீங்கள் மணல் பையில் அழுத்திப் பிடிப்பதாக எழுதியிருப்பதைப் படித்ததும் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போயிற்று. அதற்கு வருமுன் ஒரு வேண்டுகோள்: காரணம் தெரியும் வரை ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் குமிழ்களைத் தொடாதீர்கள். சிதறும் துப்பாக்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் பின் குமிழைத் திருப்பினால், எந்தத் துளை துப்பாக்கியின் பிழையால் விழுந்தது, எது நீங்கள் திருப்பியதால் விழுந்தது என்று பிரித்தறிய வழியே இருக்காது.

உங்கள் குறைகளில் ஒரு பகுதி குறையே அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கோப் குழலுக்கு மேலே ஏறத்தாழ நான்கரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெல்லட் பார்வைக் கோட்டுக்குக் கீழிருந்து புறப்பட்டு, மேலேறி அதைக் கடந்து, பிறகு மறுபடியும் இறங்குகிறது. நொடிக்கு 250 மீட்டர் அளவில் புறப்படும் பெல்லட்டை 10 மீட்டரில் மையத்துக்குத் திருத்தி வைத்தால், அதே துப்பாக்கி 25 மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே சுடும். மாறாக 25 மீட்டரில் திருத்தி வைத்தால் 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாழ்ந்து விழும். முந்தைய நாள் ஒரு தூரத்திலும் மறுநாள் இன்னொரு தூரத்திலும் சுட்டிருந்தால், மேலும் கீழுமான நகர்வுக்கு இதுவே விளக்கமாகிவிடலாம். குமிழின் ஒவ்வொரு க்ளிக்கும் எவ்வளவு நகர்த்தும் என்பதும் இதோடு சேர்ந்தது. க்ளிக்குக்குக் கால் நிமிடக் கோணம் (நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) நகரும் ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். 25 மீட்டரில் அது 1.8 மில்லிமீட்டர், 10 மீட்டரில் வெறும் 0.7 மில்லிமீட்டர். 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்த ஏறத்தாழ பதினான்கு க்ளிக் வேண்டும். நான்கு க்ளிக் திருப்பிவிட்டு, துளை நகரவில்லையே, ஸ்கோப் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் பலர்.

இனி சிதறலுக்கு வருவோம். காற்றில்லாத இடத்தில், பின்னால் பெல்லட்டைத் தாங்கித் தெறிக்கவிடாத தடுப்பு வைத்து, ஒரே வகைப் பெல்லட்டால் 10 மீட்டரில் பத்துத் துளைகளும் 25 மீட்டரில் வேறு தாளில் பத்துத் துளைகளும் போடுங்கள். மூன்று துளைகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். மோசமான துப்பாக்கியும் எப்போதாவது மூன்று பெல்லட்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும். பிறகு, இரு தாள்களிலும் மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே அளந்துகொள்ளுங்கள். பிடிமானத்தாலோ ஆடும் ஸ்கோப்பாலோ வரும் பிழை கோணப் பிழை. தூரம் இரண்டரை மடங்கானால் சிதறலும் இரண்டரை மடங்காகும். 10 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர், 25 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் என்றால் கணக்கு சரி. 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டராக இருப்பது 25 மீட்டரில் ஏழு எட்டு சென்டிமீட்டராக விரிந்தால், பெல்லட் பறக்கும்போது நிலைகுலைகிறது என்று பொருள். அப்போது பெல்லட்டையும், அது வெளியேறும் குழல் வாயையும் பார்க்க வேண்டும், பிடியை அல்ல.

துளைகளின் வடிவமும் பேசும். செங்குத்தாக நீண்ட கோடு வேக வேறுபாட்டையும், முன்கையின் இடம் மாறுவதையும் காட்டும். கிடையாக நீண்டால் காற்று, விசையைப் பக்கவாட்டில் இழுக்கும் விரல், மடக்கும் மூட்டில் தளர்வு ஆகியவற்றில் ஒன்று. இரண்டு தனித்தனிக் கொத்துகளாக விழுந்தால், ஏதோ ஒரு பாகம் இரண்டு இடங்களில் மாறி மாறி அமர்கிறது. ஒரே திசையில் மெல்ல மெல்ல நடந்து போனால், ஏதோ ஒன்று நழுவுகிறது.

முதல் வேலை, துப்பாக்கியில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டு எல்லாத் திருகுகளையும் சரிபார்ப்பது. ஸ்டாக்கின், அதாவது துப்பாக்கியைத் தாங்கும் கட்டையின், முன்பகுதியில் இரு பக்கமும் உள்ள திருகுகள், விசைக் காப்பின் அருகே உள்ள திருகு, குழல் மடங்கும் மூட்டின் போல்ட், ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்குகளின் திருகுகள் என்று ஒன்றையும் விட வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளின் அதிர்வு இவற்றைத் தொடர்ந்து தளர்த்திக்கொண்டே இருக்கும். ஒரு முறை ஒரு ரைஃபிளைப் பல நாள் சோதித்தேன். ஸ்கோப்பை மாற்றினேன், பெல்லட்டை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஸ்டாக்கின் இடப்பக்க முன் திருகு கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்ந்திருந்தது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, நகத்தால் தட்டியபோது வலப்பக்கத் திருகு ‘டிக்’ என்று ஒலித்தது, இடப்பக்கத் திருகு மங்கலாக ஒலித்தது. இறுக்கியதும் அன்று மாலையே சிதறல் பாதிக்கும் கீழே வந்தது. அதன் பிறகு நான் எந்த ரைஃபிளையும் திருகிலிருந்துதான் தொடங்குகிறேன். மரத்தை நசுக்கும் அளவுக்கு இறுக்காமல், கைக்கு உறுதியாகத் தெரியும் அளவோடு நிறுத்துங்கள்.

அடுத்தது பிடி. உங்கள் விஷயத்தில் இதற்குத்தான் நான் அதிக முக்கியத்துவம் தருகிறேன். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் தள்ள, கனமான பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு முன்னோக்கிப் பாய்கிறது. துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படுகிறது. பிஸ்டன் முனையில் அழுந்திய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கி வெட்டி இழுக்கிறது. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. ஆகவே பெல்லட் வெளியேறும் கணத்தில் குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்பது துப்பாக்கி எவ்வாறு அசைந்தது என்பதைப் பொறுத்தது. அசையவே விடாமல் தடுக்க நம்மால் முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அசைய விடுவதுதான் நம்மால் முடிந்தது. இறுக்கிப் பிடித்தால் உங்கள் தசைகளின் இறுக்கம் சூட்டுக்குச் சூடு மாறும். மணல் பையின் மேல் நேரடியாக அழுத்தி வைத்தால் பையின் கடினமான பரப்பு துப்பாக்கியை மேலே தட்டி எறியும்.

பையை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் மேல் உங்கள் புறங்கையை வையுங்கள். விரித்த உள்ளங்கையில், விரல்கள் ஸ்டாக்கைப் பற்றாமல், துப்பாக்கி தன் எடையால் மட்டும் கிடக்கட்டும். பின்பகுதி தோளைத் தொட்டிருந்தால் போதும். இழுத்து அழுத்த வேண்டாம். வலக்கைக் கட்டைவிரலைச் சுற்றிக் கவ்வாமல் பக்கவாட்டில் படுக்க விடுங்கள். கன்னமும் மெல்லத் தொடட்டும். கண்ணை மூடி மூச்சு விட்டுத் திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் தள்ளித் திருத்தாமல் உட்காரும் நிலையை மாற்றுங்கள். சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே இருங்கள். உள்ளங்கை ஸ்டாக்கின் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். விசைக் காப்பின் முன்விளிம்பிலிருந்து தொடங்கி, இரண்டு சென்டிமீட்டர் இரண்டு சென்டிமீட்டராக முன்னே நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பெல்லட் சுட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் துளைகள் சட்டென்று நெருங்கி வரும். அந்த இடத்தில் ஸ்டாக்கில் ஒரு சிறு ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். இனி கை எப்போதும் அங்கேதான். இதைச் செய்யாமல் வேறு எதைச் சோதித்தாலும் விடை கலங்கியே வரும்.

பெல்லட் விஷயத்தில் விலையோ பெயரோ உத்தரவாதம் அல்ல. உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். 4.5 மில்லிமீட்டர் குழலுக்கான பெல்லட்களிலேயே தலையின் விட்டம் 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று தனித்தனியாக வருகிறது; எடை பெரும்பாலும் 7 முதல் 10 கிரெய்ன் வரை, அதாவது ஏறத்தாழ அரை கிராம், இருக்கும். நான்கைந்து வகைகளில் சிறு அளவு வாங்கி, வகைக்குப் பத்துத் துளைகள் போட்டுப் பாருங்கள். தட்டைத் தலைப் பெல்லட் தாளில் வட்டமாக வெட்டுவதால் 10 மீட்டர் போட்டிக்கு ஏற்றது. தூரம் கூடும்போது உருண்டைத் தலையே நிலையாகப் பறக்கும். உங்கள் சிதறல் 25 மீட்டரில் அளவுக்கு மீறி விரிந்தால், நீங்கள் பயன்படுத்துவது தட்டைத் தலையா, அல்லது மிக வேகமாகப் போகும் என்று விற்கப்படும் எடை குறைந்த உலோகக் கலவைப் பெல்லட்டா என்று பாருங்கள். ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை நெருங்கும்போதோ தாண்டி மீண்டும் இறங்கும்போதோ பெல்லட் தடுமாறும். டப்பாவிலிருந்து சிலவற்றை வெள்ளைத் தாளில் கொட்டி, பாவாடை போல் விரிந்த பின்விளிம்பைப் பாருங்கள், நசுங்கியதை ஒதுக்குங்கள். குழலில் பெல்லட்டை அமர்த்தும்போது ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு, பின்விளிம்பு குழலின் பின்முனையோடு சமமாக இருக்கும்படி கட்டைவிரலால் அழுத்துங்கள்.

பிடியும் பெல்லட்டும் சரியான பிறகும் குறி நாளுக்கு நாள் நகர்ந்தால், இப்போதுதான் ஸ்கோப்பின் முறை. அதிலும் கண்ணாடியைச் சந்தேகிக்கும் முன் ரிங்குகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் முன்னோக்கி வெட்டி இழுக்கும்போது ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்க முயல்வதால், துப்பாக்கியின் மேல் ரிங்குகள் கவ்வியிருக்கும் ரெயிலில் பின்னோக்கி நகர்ந்து வரும். ரெயிலில் ரிங்கின் பின்விளிம்பு இருக்கும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு கிழித்துவிட்டு ஐம்பது சூடு சுடுங்கள்; கோடு மறைந்திருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. ரெயிலையும் ரிங்கின் அடிப்பகுதியையும் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடையுங்கள். ரிங்கில் தடுப்பு ஊசி இருந்து, ரெயிலிலும் அதற்கான குழி இருந்தால் இரண்டையும் பொருத்துங்கள். மூடித் திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக, இருபுற இடைவெளியும் சமமாக இருக்கும்படி இறுக்குங்கள். அளவுக்கு மீறினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கி உள்ளே உள்ள கண்ணாடித் தொகுதி சிக்கிக்கொள்ளும். ஸ்கோப்பின் உள்ளே தெரியும் குறுக்குக் கோடு துப்பாக்கியோடு நேராக நிற்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். 25 மீட்டரில் 5 டிகிரி சாய்வு சுமார் அரை சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும்.

குழல் மடங்கும் ரைஃபிள்களுக்கே உரிய ஒரு தொல்லையைப் பலர் கவனிப்பதில்லை. இவற்றில் குழல் ரெயிலுக்கு இணையாக இல்லாமல் சற்றுத் தாழ்ந்து பார்ப்பது வழக்கம். அதனால் துளை தாழ்ந்து விழும். நாம் குமிழை மேலே மேலே திருப்புவோம். ஸ்கோப்பின் உள்ளே குறுக்குக் கோட்டைத் தாங்கும் சிறு குழாயை எதிர்ப்புறமிருந்து ஒரு ஸ்பிரிங் குமிழின் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது. குமிழ் மேல் எல்லையை நெருங்கும்போது அந்த ஸ்பிரிங் தளர்ந்து போய், ஒவ்வொரு அதிர்வுக்கும் சிறு குழாய் நடனமாடும். ‘இன்று சரி, நாளை வேறிடம்’ என்ற புகாருக்கு இது மிகப் பொருத்தமான காரணம். குமிழை ஒரு முனை வரை திருப்பி, அங்கிருந்து மறுமுனை வரை க்ளிக்குகளை எண்ணுங்கள். பாதியில் நிறுத்தினால் அது நடு. நடுவில் வைத்துச் சுட்டுப் பார்த்து, எவ்வளவு தாழ்ந்து விழுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். சரிவை ஈடுகட்டும்படி பின்பக்கம் உயர்த்திச் செய்யப்பட்ட மவுண்ட் (ஸ்கோப்பை ரெயிலில் பொருத்தும் தாங்கி) வாங்குவதே நல்ல தீர்வு. சிறிய அளவுக்கு, பின் ரிங்கில் ஸ்கோப்பின் அடியில் மெல்லிய தகடு வைக்கலாம். ரிங்குகளுக்கு இடையே 10 சென்டிமீட்டர் இருந்தால், 0.1 மில்லிமீட்டர் தகடு 25 மீட்டரில் துளையை இரண்டரை சென்டிமீட்டர் உயர்த்தும். கால் மில்லிமீட்டரைத் தாண்டி அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், குழாய் வளையும்.

கண்ணை நகர்த்தினால் குறுக்குக் கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தோன்றும் பிழை, அதாவது பாரலாக்ஸ், உங்கள் தூரங்களில் சிறிதல்ல. வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்கள் 100 கெஜத்துக்கு அமைக்கப்பட்டவை. முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள அத்தகைய ஸ்கோப்பில், கண் முற்றிலும் விளிம்புக்குப் போனால் 10 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் அதிகமான பிழை வரக்கூடும். ரைஃபிளை அசையாமல் தாங்கி வைத்து, தொடாமல், தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். கோடு இலக்கை விட்டு நகர்ந்தால், தூரத்தைத் திருத்தும் வளையம் உள்ள ஸ்கோப்பில் அதைத் திருப்பி நிறுத்துங்கள். அது இல்லாவிட்டால் கன்னம் எப்போதும் ஒரே இடத்தில் அமரும்படி பழகுங்கள்.

ஸ்கோப்பே கெட்டதா என்று அறிய ஒரு நேர்மையான சோதனை இருக்கிறது. ஒரு புள்ளியையே குறிவைத்து ஐந்து சூடு சுடுங்கள். இருபது க்ளிக் மேலே, பிறகு இருபது வலப்புறம், இருபது கீழே, இருபது இடப்புறம் என்று திருப்பி ஒவ்வொன்றுக்கும் ஐந்து சூடு. குறிவைக்கும் புள்ளி மாறவே கூடாது. கடைசி ஐந்தும் முதல் ஐந்தின் மேல் வந்து விழுந்து, நடுவில் ஒரு சதுரம் உருவானால் ஸ்கோப் பழுதில்லை. திரும்பி வராவிட்டால் மாற்றுங்கள். மாற்றும்போது, ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் இருதிசை அதிர்வைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று கட்டாயம் பாருங்கள். பெரிய வெடிமருந்துத் துப்பாக்கியில் ஆண்டுக்கணக்காக உழைத்த ஸ்கோப்கூட, பின்னோக்கிய உதையை மட்டுமே தாங்கச் செய்யப்பட்டதென்றால் இதில் சீக்கிரமே உடையும். துப்பாக்கியிலேயே கண்ணாடியில்லாத திறந்த குறிகள் இருந்தால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு 10 மீட்டரில் சுட்டுப் பார்ப்பது இன்னும் எளிது. சிதறல் குறைந்தால் பழி ஸ்கோப் பக்கம், குறையாவிட்டால் துப்பாக்கி பக்கம்.

துப்பாக்கி பக்கம் என்றானால், குழலை மூடிய நிலையில் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்; துளியும் ஆடக்கூடாது. ஆடினால் மூட்டின் போல்ட்டை இறுக்க வேண்டும். மூட்டில் குழலும் காற்றறையும் சேரும் இடத்தில் உள்ள சீல் தேய்ந்திருந்தால் காற்று கசிந்து வேகம் மாறும். சேருமிடத்தின் மேல் மெல்லிய டிஷ்யூ தாள் துண்டை வைத்து, பெல்லட்டோடு பாதுகாப்பான திசையில் சுட்டால், தாள் துள்ளுவது கசிவைக் காட்டும். பெல்லட் இல்லாமல் சுட்டு இதைச் சோதிக்கக் கூடாது. எதிர்ப்பில்லாத பிஸ்டன் முனையில் மோதிச் சிதையும். குழல் திறந்திருக்கும்போது விசைப் பக்கம் விரல் போகவே கூடாது. குழல் வெட்டி எழுந்து கையை நசுக்கிவிடும்.

குழல் வாயின் விளிம்பையும் பாருங்கள். பஞ்சுக் குச்சியை வாயின் உள்விளிம்பில் வைத்து வெளிப்புறமாக இழுத்துச் சுற்றி வரும்போது, ஏதோ ஓரிடத்தில் இழை மாட்டிக்கொண்டால் அங்கே பிசிறு இருக்கிறது. வெளியேறும் பெல்லட்டின் பின்விளிம்பில் காற்று ஒரு பக்கமாக முதலில் கசிந்து அதைச் சாய்த்துவிட அந்தச் சிறு பிசிறு போதும். வாயில் உறை எதுவும் பொருத்தியிருந்தால் கழற்றிவிட்டுச் சுட்டுப் பாருங்கள். பெல்லட் அதில் உரசக்கூடும். புதுத் துப்பாக்கியானால் குழலில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். பின்புறமிருந்து வாய்ப்புறமாகத் துணித் துண்டை இழுத்துத் துடைத்துவிடுங்கள். துடைத்த பின் இருபது முப்பது பெல்லட் போன பிறகே குழல் தன் நிலைக்கு வரும். அதற்குள் தீர்ப்பு எழுத வேண்டாம். காற்றறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போகவிடாதீர்கள். அழுத்தத்தில் அது பற்றி எரிந்து, புகையும் உரத்த ஒலியுமாக ஒவ்வொரு சூட்டையும் வேறு வேகத்தில் அனுப்பும். புதிய ரைஃபிள்களில் முதல் சில நூறு சூடுகளுக்கு இது இலேசாக இருப்பது இயல்புதான்.

நீங்கள் பின்னொரு நாள் சிலிண்டரில் காற்று நிரப்பும் வகைக்கு மாறினால், பிடியின் கவலை பெரிதும் குறையும். அங்கே சிலிண்டரின் அழுத்தம் இறங்க இறங்க வேகம் மாறுவதே துளைகளைச் செங்குத்தாக இழுக்கும். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீட்டர், அங்கே இன்று நிற்பவை அந்த வகைத் துப்பாக்கிகள்தான்.

இவ்வளவையும் வரிசையாகச் செய்தும் துளைகள் செங்குத்தாகவே நீண்டால், பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவியின் முன் பத்துச் சூடு சுட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டுக்குச் சூடு வேகம் தாவித் தாவி மாறினால், பிஸ்டனின் சீலோ மெயின் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது. அதை வீட்டில் திறக்க முயலாதீர்கள். ஏற்றாத நிலையிலும் ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் உள்ளே இருக்கிறது, பின் அடைப்பைக் கழற்றியதும் அது முகத்தை நோக்கிப் பாயும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி வைத்திருக்கும் கைதேர்ந்தவரிடம், உங்கள் இரண்டு தாள்களையும் அந்தப் பத்து எண்களையும் சேர்த்துக் கொடுங்கள்.